கூடாரவல்லிக்கு நான் கார் ஓட்டிப் போன காலை

1

போன வாரம் திருமங்கலத்திலிருந்து என் தங்கை வசந்தா போன் செய்தாள். மார்கழி பிறந்துவிட்டது, ஊரில் விடியற்காலையில் குளிர் தாங்கவில்லை என்றாள். அவள் பேசும்போதே பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் இங்கே இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காலில் சாக்ஸ் என்று மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவள் போன் செய்த காரணம் வேறு. அவள் மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு டெல்லியில் வேலை. பெண் ஊரிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். வசந்தாவுக்கு அதுதான் கவலை.

"அக்கா, அங்க குளிர்காலத்துல எதிர்ல நிக்கிற ஆளே தெரியாதாமே. பிள்ளை எப்படிக்கா ஓட்டுவா? நீ இத்தனை வருஷமா ஓட்டுறியே, என்னென்ன கவனிக்கணும்னு எழுதி அனுப்பு. போன்ல சொன்னா எனக்கு மறந்துரும்."

நான் எட்டாவது வரை படித்தவள். கடிதம் எழுதுவேன், கோலத்துக்குப் புள்ளி கணக்காக வைப்பேன். எழுத்து வேலை அவ்வளவுதான் தெரியும். பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கவனிக்க வேண்டியவை என்று வரிசையாக வரவில்லை. ஒரு காலைதான் ஞாபகத்துக்கு வந்தது. அதையே எழுதிவிடுகிறேன். வடக்கே வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் யார் படித்தாலும் உதவட்டும். பெருமாள் துணை.

2

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். டெல்லியில் சினிமாவில் வருகிற மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பனிக்கட்டி விழாது. வசந்தா இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே வருவது மூடுபனி. கோஹ்ரா என்பார்கள். ராத்திரி படுக்கும்போது எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணி தெரியும். காலையில் எழுந்தால் துணியும் இல்லை, மாடியும் இல்லை, எதிர் வீடே இல்லை. சாம்பிராணிப் புகையை ஊர் முழுக்கப் போட்டு மூடி வைத்த மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்து நான் பயந்தே போனேன். அப்புறம் பழகிவிட்டது. சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அவருக்கு மத்திய அரசு ஆபீஸில் வேலை. காய்கறி வாங்குகிற அளவுக்கு ஹிந்தி கற்றுக்கொண்டேன். ஊர்ச் சாமான்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட். சாமி கும்பிட முனிர்கா பக்கம் நம்மவர்கள் சேர்ந்து கட்டிய சின்னப் பெருமாள் கோயில். இந்த மூன்றும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் காலம் தள்ளிவிடலாம் என்று இருந்தவள் நான்.

எங்கள் ஒரே மகள் ரஞ்சனி இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. பஸ்ஸில் போகும்போது நான் தமிழில் சத்தமாகப் பேசினால் "அம்மா, தீரே, மெதுவா பேசு" என்று காதைக் கடிப்பாள். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்த பிறகு கோயிலுக்கு வருவதும் நின்றுபோனது. பரீட்சை இருக்கிறது, தலை வலிக்கிறது, ஏதாவது சொல்வாள். அவர், "விடு, வயசு அப்படி" என்பார். நான் விட்டுவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பெருமாளிடம் அவளைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது.

3

கார் எங்களுக்கு வந்தது அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் மாற்றலாகிப் போனபோது. வெள்ளை மாருதி, பழசு. வீட்டில் கார் வந்ததும் எனக்கும் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவர் சிரித்தார். ரஞ்சனி அவரைவிட அதிகமாகச் சிரித்தாள். நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன்.

லைசென்ஸுக்காக எத்தனை ஜன்னலில் நின்றிருப்பேன் என்று சொல்ல முடியாது. இந்த ஜன்னலில் போட்டோ சரியில்லை என்பார்கள், அந்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம் என்பார்கள். கடைசியில் ஓட்டிக் காட்டும் பரீட்சை. அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து ஹிந்தியில் கேட்டார். ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பனி மூடி ஒன்றும் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரிந்த ஹிந்தியில் உண்மையைச் சொன்னேன். பகவான் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றுவிடுவேன் என்றேன். அவர் எங்கே நிற்பீர்கள், நடு ரோட்டிலா என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பகவான் பெயரையும் சொல்லுங்கள், ஓரமாகவும் நில்லுங்கள் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் கோடைக்காலத்தில். பிறகு மார்க்கெட் வரைக்கும் ஓட்டுவேன், திரும்புவேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்து தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். குளிர்காலம் வந்ததும், "பனியில நீ ஓட்ட வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. ஒரு கண்ணில் புரை முற்றி, மறு கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். "பெருமாளே, இவர் கண் நல்லபடியாக ஆகட்டும். கூடாரவல்லிப் பொங்கலை நானே செய்து, நானே கொண்டுவந்து உன் முன்னால் வைக்கிறேன்."

மார்கழி முடியப் போகும்போது வருகிற நாள் கூடாரவல்லி. நெய் முழங்கை வரை வழிய வழியச் சர்க்கரைப் பொங்கல் செய்து பெருமாளுக்குப் படைக்கிற நாள். எங்கள் கோயிலில் அப்போது மடப்பள்ளி கட்டி முடியவில்லை. குளித்து மடியாக அவரவர் வீட்டில் செய்து கொண்டுவரலாம் என்று பட்டரே சொல்லியிருந்தார். மார்கழி நாட்களைக் குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். கூடாரவல்லிக்கு எப்போதும் போட்டி. பல வருஷம் கேட்டுக் கேட்டு, அந்த வருஷம்தான் எங்களுக்குக் கிடைத்தது.

அவர் கண் தேறிக்கொண்டு வந்தது. கட்டை அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். ஆனால் அடுத்த தடவை டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

4

அன்று காலை பால் வாங்கக் கதவைத் திறந்தபோது எதிர் வீடு இல்லை. டாக்ஸி ஸ்டாண்டுக்கு முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம். போன் செய்தால் அங்கிருந்த சர்தார்ஜி, பனி அதிகம் மாதாஜி, வெயில் வந்த பிறகு வருகிறேன் என்று வைத்துவிட்டார். வெயில் வந்த பிறகு பூஜை எங்கே இருக்கும்?

அடுப்பில் பொங்கல் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த சாவியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"வேணாம்மா. கோயில் செக்ரட்டரி வீடு அங்க பக்கத்துலதான. போன் பண்ணி அவங்களையே இன்னிக்குச் செய்யச் சொல்லிரலாம். சாமி கோவிச்சுக்காது" என்றார்.

"சாமி கோவிச்சுக்காதுங்க. நான்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவளா ஆயிருவேன்" என்றேன்.

அவர் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டார். வருகிறார் என்று அர்த்தம். ரஞ்சனியை எழுப்பினேன். அப்பாவுக்கு ஒரு கண்தான், பானையைப் பிடிக்கவும் வழி பார்க்கவும் ஆள் வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கோயிலுக்குள் வர மாட்டேன், காரிலேயே இருப்பேன் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டாள்.

இப்போது நான் செய்த இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, முந்தின நாள் சாயங்காலம் காரைக் கழுவி, நல்ல நாளாயிற்றே என்று முன் விளக்கு இரண்டுக்கும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். இரண்டாவது, வெண்கலப் பானையைத் தட்டுப் போட்டு மூடவில்லை. தட்டுப் போட்டால் ஆவி வியர்த்துத் தண்ணீர் பொங்கலில் சொட்டும், ருசி கெட்டுவிடும். அதனால் மெல்லிய துணியால் வாயைக் கட்டி, இறக்கிய சூட்டோடு அவர் மடியில் வைத்தேன். கீழே நான்காய் மடித்த துண்டு. குளிர் போகாமல் இருக்க நாலு கண்ணாடியையும் இறுக்கி ஏற்றிவிட்டோம். பொங்கல் வாசத்தில் கார் சந்நிதி மாதிரி ஆகிவிட்டது. மோந்து பார்த்துவிடக் கூடாது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். மூக்கைக் குல்லாவுக்குள் இழுத்துக்கொண்டார்.

காலனிக்குள் ஒன்றும் சிரமமில்லை. மெதுவாகப் போனேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நான் மார்கழிப் பாட்டை ஆரம்பித்தேன், அவரும் கூடச் சேர்ந்தார். ரிங் ரோட்டில் ஏறினோம். பனி அடர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு திரை கூடுகிற மாதிரி இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தேன். வெள்ளை. அவ்வளவுதான்.

"பெரிய லைட்டப் போடு" என்றார். போட்டேன். எதிரே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இன்னும் வெள்ளையானது. அணைத்துவிட்டுச் சின்ன விளக்கையே போட்டேன்.

பின்னால் எங்கோ லாரி ஹாரன் கேட்டது. அவர் நிறுத்து நிறுத்து என்றார். என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. பின் சீட்டிலிருந்து ரஞ்சனி என் தோளைப் பிடித்தாள்.

"அம்மா, இங்க நிறுத்தாத. நடு ரோடு. லாரி மேலே ஏறிரும்."

அப்போதுதான் அந்த அதிகாரி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. எங்கே நிற்பீர்கள்? இடது பக்க விளக்கை மினுக்கவிட்டு, கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே இஞ்ச் இஞ்சாக இடது பக்கம் ஒதுங்கினேன். சக்கரம் மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தினேன். லாரி கடகடவென்று பக்கத்தில் போயிற்று. எங்கள் கார் ஆடியது. பானையும் ஆடியது. அவர் அதைக் குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டார்.

5

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். "போதும்மா. வெளிச்சம் வரட்டும், வீட்டுக்குத் திரும்பிரலாம். பொங்கலை வீட்டுல பெருமாள் படத்துக்குப் படைச்சிரலாம். இனிமே பனிக்காலத்துல இந்தச் சாவியத் தொட வேணாம்." அவர் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டிக்கொண்டதைக் கேட்டு அவர் கண்ணைத் திருப்பிக் கொடுத்தாய், நான் கொண்டுவருவதை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாயே என்று பெருமாளிடம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ரஞ்சனிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். பஸ்ஸிலோ ரயிலிலோ கண்ணாடி மங்கியிருந்தால் விரலால் அதில் பொம்மை முகம் வரைவாள். அன்றும் சும்மா உட்கார்ந்திருந்தவள் தன் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு கண் வைத்து, ஒரு வாய் இழுத்தாள். இழுத்தவள் அப்படியே விரலை நிறுத்திவிட்டாள். பொம்மையின் கண் வழியாக ஒரு வேப்ப மரம் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு தெரு விளக்கு தெரிந்தது.

"அம்மா, இங்க பாரு" என்றாள். "பனி வெளியில கொஞ்சம்தான் இருக்கு. மீதியெல்லாம் உள்ளதான் இருக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் கையை நீட்டி முன் கண்ணாடியில் என் எதிரே ஒரு தடவை தேய்த்தாள். ரோடு வந்தது. ஓரத்துக் கல் வந்தது. அவர் மடியில் பானை சாதுவாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேர் மூச்சு, இரண்டு பேர் பாட்டு, ஒரு பானைப் பொங்கல். எல்லாம் போய் ஒட்டியிருந்தது அந்தக் கண்ணாடியில்தான்.

அவர் பானையைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு ரஞ்சனி. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே நானும் சிரித்தேன். காரே குலுங்கியது.

"ஜல்தி, சீக்கிரம், எல்லாக் கண்ணாடியும் இறக்குங்க" என்று சொல்லிவிட்டு ரஞ்சனி இடது பக்கமாக இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"அம்மா, லைட்டுக்கு இவ்ளோ பெரிய பொட்டா? பாதி வெளிச்சம்தான் வருது."

இறங்கிப் போனேன். சந்தனம் காய்ந்து பொருக்காக நின்றது. துடைத்தால் போயிற்று. ஆனால் நல்ல நாளும் அதுவுமாக, சுமங்கலி, வைத்த குங்குமத்தை என் கையால் எப்படி அழிப்பேன்? தயங்கினேன். எதற்குத் தயங்குகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"அழிக்க வேணாம்மா. கொஞ்சம் மேல நகர்த்தி வெச்சிரலாம்" என்றாள். பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து, குங்குமத்தை அப்படியே ஒற்றி எடுத்து, பானெட் மேல் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, விளக்கில் மீந்த சந்தனத்தைத் துடைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தாள். அந்தக் குளிரில், அந்த மண்ணில். அதை நான் பார்த்தேன். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

6

மீதி வழி எப்படிப் போனோம் என்றால், நாலு கண்ணாடியும் திறந்து, பல் கிட்டிக்கொண்டு போனோம். அவர் ஒரு கையால் பானையைப் பிடித்து, மறு கையால் தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். ரஞ்சனி இடது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஓரத்துக் கல்லைப் பார்த்து, "சரி, சரி, கொஞ்சம் ரைட், சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஜன்னல் திறந்திருந்ததால் பின்னால் வண்டி வருவது கேட்டது. முன்னால் ஒரு பால் வேனின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றார் அவர். நான் மாட்டேன் என்றேன். அது திடீரென்று நின்றால் நாமும் அதற்குள் போய்விடுவோம், வழி மாறினால் நாமும் மாறிவிடுவோம். அது போகட்டும் என்று இடைவெளி விட்டேன். யாரையும் முந்தவில்லை. யாருக்காகவும் வேகம் கூட்டவில்லை. வசந்தா, நீ கேட்டாயே, கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். உன் மகளிடம் இதை மட்டும் சொல்.

கோயிலில் எங்களுக்காகத் திரை போட்டுக் காத்திருந்தார்கள். பானையை இறக்கித் துணியை அவிழ்த்தேன். வழிய வழிய ஊற்றிய நெய் காற்றில் உறைந்து, பொங்கல் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. கூடாரவல்லிக்கு நெய் வழிய வேண்டும். இது கல் மாதிரி இருக்கிறது.

"சாமி, ஆறிப் போச்சு" என்றேன்.

பட்டர் பானையைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரின் மூக்கையும் பார்த்தார். மூன்றும் சிவந்திருந்தன.

"பாற்கடல்ல படுத்துண்டிருக்கறவர்மா அவர். குளிர் அவருக்குப் புதுசா? கொண்டாங்கோ" என்றார்.

மணி அடித்தது. திரை விலகியது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நான் பெருமாளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். "தெரியுதாங்க?" என்றேன். "எல்லாம் தெரியுது. காதுல தோடு, மார்ல தாயார், துளசி மாலைல ஒரு எறும்பு ஊருது, அதுகூடத் தெரியுது" என்றார். எனக்குத்தான் அப்போது ஒன்றும் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். காரிலேயே இருப்பேன் என்ற பெண் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளியில் ரொம்பக் குளிர், அதனால் வந்தேன் என்றாள். கையில் பிரசாதம் வாங்கிக்கொண்டாள். நெய் அவள் உள்ளங்கைச் சூட்டில் இளகி, மெதுவாக மணிக்கட்டு வரை வழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சாவியை ஆணியில் மாட்டப் போனார். மாட்டாமல் என் கையில் கொடுத்தார். "டாக்டர் சரின்னு சொன்னாலும் மார்கழியில நீதான் ஓட்டணும். நான் தொடைக்கிற டிப்பார்ட்மென்ட்" என்றார்.

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. காரை மாற்றிவிட்டோம். புதியதில் ஒரு பொத்தானைத் தட்டினால் காற்றடித்துக் கண்ணாடி தானாகத் தெளிகிறது. ஆனாலும் அவர் மார்கழியில் துண்டு இல்லாமல் ஏற மாட்டார். குங்குமம் பானெட்டில்தான். பானைக்கு, உள்ளே துணி கட்டி மேலே இறுக்கி மூடுகிற மூடி ஒன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிவிட்டேன்.

ரஞ்சனி இப்போது வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறாள். கோயிலுக்குப் போகிறாளா என்று நான் கேட்பதில்லை. ஆனால் கூடாரவல்லியன்று, நாங்கள் காரில் ஏறி உட்கார்ந்ததும், அவருடைய செல்போன் அடிக்கும். யார் என்று பார்க்காமலே என் காதில் வைப்பார். அந்த நேரத்துக்கு எழுந்து பழக்கமில்லாத பெண், தூக்கம் கலையாத குரலில் வருஷா வருஷம் ஒரே கேள்வி கேட்பாள்.

"அம்மா, பனி எங்க இருக்கு, வெளியிலயா உள்ளயா?"

"வெளியிலதான்டா" என்பேன்.

"அச்சா. அப்ப கெளம்பு" என்பாள்.

நான் சாவியைத் திருப்புவேன்.